கடற்பாசி: நூறு கிராம் கணக்கும் ஒரு கிராம் கணக்கும்

கடற்பாசியின் பெருமையைச் சொல்லும் சத்து அட்டவணை எதை எடுத்தாலும் அது 100 கிராம் உலர்ந்த பாசிக்குப் போட்டதாகவே இருக்கும். பருப்பைப் போல் இரு மடங்கு புரதம், பாலைப் போல் பல மடங்கு கால்சியம் என்ற வரிகள் எல்லாம் அதிலிருந்து வருபவை. எண்களில் பொய் கிடையாது. ஆனால் உலர்ந்த பாசியை ஒரு வேளைக்கு 100 கிராம் யாரும் சாப்பிடுவதில்லை, சாப்பிடவும் முடியாது. சுஷி சுற்றுகிற நோரித் தாள் ஒன்றின் எடை ஏறத்தாழ 3 கிராம். சூப்பில் போடும் வகாமே 2 கிராம் போதும், தண்ணீரில் ஊறிப் பத்து மடங்குக்குப் பெருகிக் கிண்ணத்தை அடைத்துக்கொள்ளும். ஆக, சத்தைப் பற்றிய பேச்சு நூறு கிராமில் நடக்கிறது, சாப்பாடு இரண்டு மூன்று கிராமில் நடக்கிறது. எச்சரிக்க வேண்டிய பொருள்களான அயோடினும் கனிம ஆர்செனிக்கும் அந்த இரண்டு மூன்று கிராமுக்குள்ளேயே உடம்பை எட்டும் அளவுக்கு இருந்துவிடக்கூடும். கடற்பாசியை வாங்குபவர் பிடித்துக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான்: நன்மையையும் கெடுதலையும் ஒரே தராசில், தட்டில் விழும் கிராமில் நிறுக்க வேண்டும். அப்படி நிறுத்தால் கடற்பாசி மருந்தாகவும் தெரியாது, நஞ்சாகவும் தெரியாது. இனம் அறிந்து சிறிதளவு சேர்த்துக்கொள்ள வேண்டிய சுவைப்பொருளாகத் தெரியும்.

சத்து: தட்டில் விழுவது எவ்வளவு?

முதலில் புரதத்தைப் பார்ப்போம். உலர்ந்த நோரியில் 40 சதவீதம் வரை புரதம் உண்டு. துவரம்பருப்பில் இருப்பது 20 சதவீதத்தைச் சற்றே தாண்டும். இதை மட்டும் கேட்டால் பருப்பு தோற்றதுபோல் இருக்கும். ஆனால் ஒரு நோரித் தாளிலிருந்து கிடைப்பது ஒரு கிராமுக்குச் சற்று மேலான புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு கரண்டி சாம்பாரோடு போகும் பருப்பிலேயே அந்தத் தாளைவிட அதிகம் இருக்கிறது. கால்சியத்திலும் இதே கதை. உலர்ந்த வகாமேயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 800 மில்லிகிராம் கால்சியம் உண்டு என்பது உண்மை. சூப்பில் போடும் 2 கிராமில் அது 16 மில்லிகிராம் ஆகிவிடும். 50 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழிலோ களியிலோ இதைப்போல் பத்து மடங்கு கால்சியம் சாதாரணமாகவே கிடைக்கிறது. கால்சியத்துக்காகக் கடற்பாசி வாங்க நினைப்பவர் அந்தப் பணத்தில் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் வாங்குவதே மேல்.

இரும்புச்சத்தின் கதை இன்னும் சுவையானது. ஹிஜிகி என்ற கரிய பாசியை ஜப்பானில் நெடுங்காலம் இரும்புச்சத்தின் சுரங்கம் என்றே சொல்லி வந்தார்கள். அந்நாட்டின் உணவுச்சத்து அட்டவணையில் அதற்கு 100 கிராமுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்ற எண் இருந்தது. 2015-இல் வெளிவந்த திருத்தப் பதிப்பு இந்த எண்ணை இரண்டாகப் பிரித்தது. இரும்புக் கொப்பரையில் அவித்து உலர்த்திய ஹிஜிகியில் 58 மில்லிகிராம், எவர்சில்வர் கொப்பரையில் அவித்ததில் 6 மில்லிகிராம். அதுவரை பாசியின் பெருமையாகச் சொல்லப்பட்டதில் பெரும்பங்கு பாத்திரத்தின் பெருமை. அட்டவணை எண் எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்று கேட்காமல் அதை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சைவ உணவு உண்பவர்களிடம் பி12 பெயரைச் சொல்லிக் கடற்பாசி விற்கப்படுவதால் அதையும் பார்த்துவிட வேண்டும். நெதர்லாந்தில் மேக்ரோபயாடிக் உணவுமுறையில் வளர்ந்த, பி12 குறைந்த குழந்தைகளுக்கு நோரியும் சுருள்பாசியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991-இல் வெளியானது. ரத்தப் பரிசோதனையில் பி12 எண் உயர்ந்தது. ஆனால் குறைபாட்டைக் காட்டும் சிவப்பணு மாற்றம் தேறவில்லை, இன்னும் மோசமானது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலவே தோற்றமளிக்கும், ஆனால் மனித உடலுக்குப் பயன்படாத சேர்மம் என்பது இன்று தெளிவு. (சுருள்பாசி கடற்பாசியும் அல்ல, காரத்தன்மையுள்ள ஏரி நீரில் வளரும் நீலப்பச்சை நுண்ணுயிர்.) நோரியில் இருப்பதில் கணிசமான பங்கு உண்மையான பி12தான் என்று பின்வந்த ஜப்பானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே நோரியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பி12 குறைவு என்று மருத்துவர் சொன்ன பிறகு மாத்திரையின் இடத்தில் நோரியை வைக்கக்கூடாது.

அப்படியானால் கடற்பாசியால் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நார்ச்சத்து. மேலும் அதன் சுவை. 1908-இல் கிகுனே இக்கேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்புப் பாசிச் சாற்றிலிருந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். இந்தச் சுவை இருக்கும் குழம்பில் உப்பைக் குறைத்தாலும் நாக்கு அவ்வளவாகக் குறை சொல்லாது. தட்டில் விழும் கிராமில் கணக்கிட்டாலும் நிற்கும் நன்மைகள் இவைதான். அயோடினும் ஒரு நன்மையே, ஆனால் அதைத் தனியாகப் பேச வேண்டும்.

அயோடின்: ஒரு கிராமில் அடங்கிவிடும் விவகாரம்

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கருவுற்றவருக்கு உலக சுகாதார நிறுவனம் 250 மைக்ரோகிராம் பரிந்துரைக்கிறது. இதற்கு மேல் போகக்கூடாது என்ற எல்லையை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 600 என்றும், அமெரிக்கா 1,100 என்றும் வகுத்துள்ளன. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு பாசிகளைப் பாருங்கள். நோரியில் கிராமுக்கு 20 மைக்ரோகிராம் சுமாருக்கு அயோடின் இருக்கிறது, சிலவற்றில் இரு மடங்கும் இருக்கும். வகாமேயில் சில பத்துகளிலிருந்து நூறு வரை. கொம்பில் கிராமுக்கு ஏறத்தாழ 2,000. அதாவது ஒரு நோரித் தாள் அன்றைய தேவையில் பாதியைத் தரும், அதே எடையுள்ள கொம்புத் துண்டு ஒரு மாதத் தேவைக்கு மேல் தந்துவிடும். இரண்டும் கடையில் ஒரே அலமாரியில், ஒரே ‘கடற்பாசி’ என்ற பெயரின் கீழ் இருக்கும். ‘கடற்பாசி நல்லதா, கெட்டதா’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது, எந்தப் பாசி என்று கேட்டால்தான் பதில் உண்டு என்பதன் காரணம் இந்த நூறு மடங்கு வித்தியாசம்.

அளவு மீறினால் என்ன ஆகும்? அயோடின் திடீரென வெள்ளமாக வந்தால் தைராய்டு சுரப்பி ஹார்மோன் உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளும். நலமான சுரப்பி சில நாட்களில் சுதாரித்துக்கொண்டு வழக்கத்துக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்ப முடியாத சுரப்பிகளும் உண்டு. ஏற்கெனவே தைராய்டு அழற்சி உள்ளவர்கள், கருவிலிருக்கும் சிசு, பிறந்த குழந்தை ஆகியோருக்கு ஹார்மோன் குறைந்தே நின்றுவிடலாம். நீண்டகாலம் அயோடின் பற்றாக்குறையில் இருந்து, சுரப்பியில் முடிச்சு விழுந்தவர்களுக்கு நேர்மாறாக ஹார்மோன் மிகையாகச் சுரந்து, இதயம் படபடத்து, எடை குறையத் தொடங்கலாம். 2009-இன் இறுதியில் ஆஸ்திரேலியாவில், கொம்பு சேர்த்துத் தயாரித்த ஒரு சோயாப் பால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதைத் தினமும் குடித்து வந்தவர்களில் பலர் தைராய்டு கோளாறோடு மருத்துவர்களிடம் வந்ததே காரணம். தாங்கள் கடற்பாசி சாப்பிடுகிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது.

சமைக்கும் முறை இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றவல்லது. கொம்பைத் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க வைத்தால் அதிலுள்ள அயோடினில் மிகப் பெரும்பகுதி தண்ணீருக்கு இறங்கிவிடும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கொம்பின் துண்டைத் தின்பதைவிட அது வெந்த சாற்றைக் குடிப்பதே அதிக அயோடினைத் தரும். ஜப்பானியச் சமையலின் அடிப்படையான தாஷி என்பது அந்தச் சாறுதான். எனவே கொம்பை எடுத்துப் போட்டுவிட்டேன், சாறு மட்டும்தான் என்பது சமாதானமாகாது.

கல் உப்புக்காரர்களும் மற்ற ஆட்சேபங்களும்

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு ஆட்சேபம் எழும். தமிழ்நாட்டில் கல் உப்பு பயன்படுத்தும் வீடுகள் ஏராளம். 2018-19-இல் நடந்த அகில இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் சேர்ந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழ்நாடு கடைசி இடத்தில் இருந்தது. பத்தில் ஆறு வீடுகளைச் சற்றுத் தாண்டியே அது எட்டியது. அப்படி இருக்க, கல் உப்பை விட மனமில்லாதவர் கடற்பாசியால் ஈடுகட்டலாமே என்பது நியாயமான யோசனைதான். அதன் குறை, அளவில் நிச்சயம் இல்லாததுதான். வீட்டுக்கு வரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. 8 கிராம் உப்பு சாப்பிட்டால் 120 மைக்ரோகிராம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பாசியில் இனம், கடல், அறுவடைப் பருவம், இலையின் வயது, உலர்த்திய முறை எல்லாவற்றுக்கும் தக்கபடி அளவு மாறும். அயோடின் உப்பில் உணவின் சுவை மாறுகிறது என்று தோன்றினால் அயோடின் கலந்த கல் உப்பே கிடைக்கிறது, பொட்டலத்தைப் பார்த்து வாங்கலாம். நோரித் தாள் ஒன்றிரண்டை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். கெல்ப் எனப்படும் கொம்பு வகைப் பாசியின் மாத்திரைகளையோ கொம்புப் பொடியையோ வைத்துக்கொள்ளக்கூடாது.

இயற்கையில் இருக்கும் அயோடின் கெடுக்காது, செயற்கையாகச் சேர்ப்பதே கெடுக்கும் என்றும் சிலர் வாதிடுவார்கள். தைராய்டு சுரப்பிக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. பாசியிலிருந்து வந்தாலும் உப்பிலிருந்து வந்தாலும் குடலில் உறிஞ்சப்பட்டு அதனிடம் வந்து சேர்வது அயோடைடுதான்.

இன்னொரு ஆட்சேபம் எல்லோரும் சொல்வது: ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு நீண்ட ஆயுளோடுதானே இருக்கிறார்கள்? அவர்களின் சராசரி அயோடின் நாளுக்கு 1,000 முதல் 3,000 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஐரோப்பிய எல்லைக்கு மேல் என்றாலும் பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை என்பதும் உண்மையே. ஆனால் அதே ஜப்பானில், ஹொக்கைடோ தீவின் கடலோரத்தில், கொம்பு அறுவடை செய்து அதையே நாள்தோறும் நிறையச் சாப்பிட்டு வந்த குடும்பங்களில் கழுத்துக் கழலை பரவலாக இருந்ததை 1960-களில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அயோடின் குறைந்தால் வரும் கழலை அயோடின் மிகுந்தும் வந்தது. கொரியாவில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பல வாரங்கள் மியோக் என்ற பாசியில் சூப்பு வைத்துக் கொடுப்பது வழக்கம். அங்கே, தாய்ப்பாலில் அயோடின் மிகுந்திருந்த குறைமாதக் குழந்தைகளிடம் தைராய்டு மந்தம் காணப்பட்டதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேலும், சிறு வயதிலிருந்தே அதிக அயோடினுக்குப் பழகிய உடம்பும், நாற்பது வயது வரை குறைந்த அயோடினில் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் கொம்புச் சூப்புக்கு மாறும் உடம்பும் ஒன்றல்ல. நீண்ட ஆயுளுக்கு அவர்கள் உண்ணும் மீன், உணவின் அளவு, மருத்துவ வசதி எனக் காரணங்கள் பல. அதில் பாசியின் பங்கை மட்டும் பிரித்துக் காட்ட வழியில்லை.

ஆர்செனிக்: மொத்தக் கணக்கு போதாது

கடற்பாசி எல்லாவற்றிலும் ஆர்செனிக் உண்டு என்ற செய்தியைப் படித்துப் பயந்து, நோரியையே குப்பையில் போட்டவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. பெரும்பாலான பாசிகளில் ஆர்செனிக் சர்க்கரையோடு பிணைந்த கரிம வடிவில் இருக்கிறது. நச்சில் அது கனிம ஆர்செனிக்குக்கு அருகில்கூட வராது. ஆபத்தானது கனிம வடிவம், நீண்டகாலம் உட்கொண்டால் புற்றுநோய் வரக்கூடும் என்று உறுதியானது. 2004-இல் பிரிட்டன் உணவுத் தர முகமை கடைகளில் விற்ற ஐந்து வகைப் பாசிகளைச் சோதித்தபோது ஹிஜிகியில் மட்டுமே கனிம ஆர்செனிக் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. ஹிஜிகியைச் சாப்பிட வேண்டாம் என்று அது அறிவித்தது. கனடா 2001-லேயே அப்படி அறிவுறுத்தியிருந்தது. ஜப்பான் அரசு தடை செய்யவில்லை. ஊற வைத்து, கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் கனிம ஆர்செனிக்கில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும் என்று சொல்லிக்கொடுக்கிறது. ஊறவைப்பது மட்டும் என்றால் பாதிதான் போகும். ஹிஜிகியைச் சாப்பிடும் மரபு நம்மிடம் இல்லை. அதனால் வாங்காமலே இருப்பதுதான் எளிய வழி. ஆய்வறிக்கையைக் காட்டி விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்தே வருகிறது: அறிக்கையில் இருப்பது மொத்த ஆர்செனிக்கா, கனிம ஆர்செனிக்கா? மொத்த எண் மட்டும் இருந்தால் அதைக் கொண்டு பயப்படவும் முடியாது, நிம்மதி கொள்ளவும் முடியாது.

நம் கடற்கரைப் பாசிகள்

மன்னார் வளைகுடாவில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எனப் பல வகைகளை மீனவப் பெண்கள் பல தலைமுறையாக மூழ்கிப் பறித்து விற்கிறார்கள். மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவைகளில் 45 நாள் சுற்றில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் தனி. இவற்றில் பெரும்பகுதி அகர், அல்ஜினேட், காரஜீனன் எடுக்கும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. தொழிற்சாலைக்கென்று கடற்கரையில் காயும் பாசியை மூட்டையாகக் கேட்டு வாங்கிச் சமையலறைக்குக் கொண்டுவரக்கூடாது. அது உணவுக்கான சுத்தத்தோடு காயவைக்கப்பட்டதல்ல. கட்டக்கோரை ஹிஜிகியின் பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தின் வேறு சில பாசிகளிலும் கனிம ஆர்செனிக் மிகுந்திருப்பதால், சோதிக்காத கட்டக்கோரையை உணவாக்க வேண்டாம்.

கஞ்சிப்பாசியைக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நம் கடலோரத்தில் உண்டு. அதைக் குறை சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அது சேர்ந்த கிராசிலேரியா பேரினத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 1991-இல் குவாம் தீவில் கிராசிலேரியா வகைப் பாசி ஒன்றைச் சாப்பிட்ட 13 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். அங்கே வழக்கமாகச் சாப்பிட்டு வந்த பாசிதான் அது. பத்தாண்டுகளுக்குப் பின் பிலிப்பைன்ஸிலும் உயிரிழப்பு நேர்ந்தது, அங்கே காரணமானது நம் கஞ்சிப்பாசியின் அதே இனம். ஒரு பருவத்தில் நஞ்சேறிய பாசி பார்வைக்கு வேறுபடாது. எனவே ஊர்க்காரர்கள் எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எப்படிப் பக்குவம் செய்து சாப்பிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல், சுற்றுலா போன இடத்தில் பாறையிலிருந்து பிய்த்துப் பச்சையாகத் தின்பது கூடாது. துறைமுகம், சாக்கடை வாய், ஆலைக் கழிவு கலக்கும் இடம் ஆகியவற்றின் பக்கத்துப் பாசி எந்தப் பருவத்திலும் கூடாது. பாசி சுற்றியுள்ள நீரிலிருந்து உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் இயல்புடையது.

மளிகைக் கடையில் ‘கடல்பாசி’ என்று விற்கும், நோன்புக்காலத்தில் பாலில் காய்ச்சி உறையவிடும் வெள்ளை இழை அகர் ஆகும். பாசியிலிருந்து பிரித்தெடுத்த கூழ்ப்பொருள் அது. இந்த அத்தியாயத்தின் அயோடின் எச்சரிக்கை அதற்குப் பொருந்தாது.

கடையிலும் சமையலறையிலும்

பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் விலையைப் பார்க்கும் முன் இனத்தின் பெயரைப் பாருங்கள். வெறும் ‘கடற்பாசிப் பொடி’ என்று மட்டும் இருந்தால் அதை வைத்துவிடலாம், அதற்குள் நோரியும் இருக்கலாம், கொம்பும் இருக்கலாம். பிறகு விளைந்த நாடு, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், அயோடின் அளவு ஆகியவற்றைத் தேடுங்கள். முதன்முதலாக வாங்குபவருக்கு நோரியே உகந்தது. நல்ல நோரி கருத்துப் பளபளக்கும், வளைத்தால் முறியும். தணலில் வாட்டினால் பச்சையாக மாறும், சிவப்பு நிறமி வெப்பத்தில் அழிந்து பச்சையம் தெரிவதே காரணம். வாட்டும் முன்பே செம்பழுப்பாகித் துவண்டிருந்தால் ஈரம் பட்டது என்று பொருள். கொம்பின் மேல் படிந்திருக்கும் வெண்பொடி பூஞ்சை அல்ல, மானிட்டால் என்ற சர்க்கரைப்பொருள், அதைக் கழுவ வேண்டாம். உலர்ந்த பொருளில் கிருமி இருக்காது என்றும் எண்ண வேண்டாம். 2017-இல் டோக்கியோ அருகே பள்ளி மதிய உணவில் தூவிய நறுக்கிய நோரியால் 1,000-க்கும் மேற்பட்டோர் நோரோவைரஸ் தொற்றுக்கு ஆளானார்கள். நோரியோடு குட்டி இறால், நண்டு வகைகள் அறுவடையில் சேர்ந்துவிடக்கூடும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களும் கண்டிப்பான சைவர்களும் பொட்டலத்தின் எச்சரிக்கை வரியைப் படிக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, நலமாக இருக்கும் பெரியவர் நாளுக்கு ஒன்றிரண்டு நோரித் தாளோ, வாரத்தில் சில நாள் 2 கிராம் வகாமேயோ சாப்பிடலாம். கொம்பு வேண்டுமென்றால் எப்போதாவது, கொதிக்க வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு. எண்ணெயும் உப்பும் தடவிய நோரித் தின்பண்டம் சிறு பொட்டலத்தில் 5 கிராம் இருக்கும். நோரியின் வகையைப் பொறுத்து அதில் 100 முதல் 200 மைக்ரோகிராம் அயோடின் இருக்கலாம். நான்கிலிருந்து ஆறு வயதுக் குழந்தைக்கு ஐரோப்பிய எல்லை 250 மைக்ரோகிராம் என்பதால், தினம் இரண்டு பொட்டலம் கொடுப்பது எல்லையைத் தாண்டிவிடக்கூடும். தைராய்டு நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டுவோர் மருத்துவரைக் கேட்காமல் கொம்பு, கெல்ப் எதையும் தொட வேண்டாம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்குப் பாசியின் வைட்டமின் கே-யும், சிறுநீரக நோயாளிகளுக்கு அதன் பொட்டாசியமும் இடைஞ்சல். அமியோடரோன், லித்தியம் எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் பாசியை முழுவதுமாக நிறுத்த வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை சொல்லிச் சாப்பிட வேண்டிய அவசியம் என்ன, பேசாமல் விட்டுவிடலாமே என்று கேட்பவருக்கு ஒரே பதில்: விட்டுவிடலாம். கடற்பாசி தரும் சத்து எதையும் நம் உணவில் வேறு வழியில் பெறமுடியாத நிலை இல்லை. சுவைக்காகவும் மாறுதலுக்காகவும் விரும்புகிறவருக்கு மேலே சொன்ன அளவில் நோரியும் வகாமேயும் பயமின்றி உண்ணத்தக்கவை. அரிசியிலும்தான் ஆர்செனிக் இருக்கிறது, அதற்காக யாரும் சோற்றை நிறுத்தவில்லை. அளவும் வகையும் பார்த்து உண்கிறோம். கடற்பாசிக்கும் அதே நிதானம் போதும். அடுத்த முறை ஒரு சத்து அட்டவணை கண்ணில் பட்டால், அதன் எண்களைப் பாசியின் தட்டு எடையால் பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். புரதத்துக்கு ஒரு முறை, அயோடினுக்கு ஒரு முறை. அந்த இரண்டு விடைகளுமே வாங்கலாமா, எவ்வளவு வாங்கலாம் என்பதைச் சொல்லிவிடும்.